கயிற்றில் கை வைத்தவர்கள்

ராசமலருக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரியாது, குதிக்காலில் தெரியும். நிற்கிற இடத்தில் வலது குதிக்கால் மண்ணுக்குள் இறங்கும், முழங்கால் கொஞ்சம் மடியும், இடுப்பு பின்னுக்குப் போகும். கரைவலை இழுக்கிற ஆட்களுக்கு உடம்பு அப்படித்தான் பழகிப்போகும். நிலாவெளியில் அவளைத் தெரிந்தவர்கள் அவளோடு கதைக்கும்போது காலைத்தான் பார்ப்பார்கள். கால் இறங்கிவிட்டதென்றால், சரி, இண்டைக்கு ஆருக்கோ கிடக்கு என்று விலகிப்போய்விடுவார்கள்.

வயது நாற்பத்திநாலு. பிறந்தது சம்பூர். இரண்டாயிரத்தாறில் போர் வந்து ஊரே கிளம்பி ஓடினபோது இரண்டு சீலையும் ஒரு சருவச்சட்டியுமாக வெளிக்கிட்டவள். முகாம், கூடாரம், இன்னொரு முகாம் என்று அலைந்து, ஓட்டோ ஓட்டுகிற ஒருவரைக் கட்டி, நிலாவெளிக்கு வந்து சேர்ந்தாள். மனுசன் பாவம், எங்கேயாவது சண்டை என்று கேள்விப்பட்டால் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு மற்ற ஒழுங்கையால் போகிற பிறவி. சம்பூரில் அவளுடைய தகப்பனின் வளவைச் சுற்றிப் படைக்காரர் கம்பி அடித்திருந்தார்கள். ஒன்பது வருசம் கம்பிக்கு வெளியில் நின்று தன் சொந்தக் கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறாள். காணி திரும்பக் கிடைத்தபோது வீடும் இல்லை, மாமரமும் இல்லை. கம்பியைக் கண்டால் அவளுக்கு வயிறு எரியும். ஏன் என்று கேட்கத் தேவையில்லை.

அவளை நாடகத்துக்குக் கொண்டுவந்தது ஒரு நுளம்பு. முகாமில் இருந்த காலம் டெங்குவைப் பற்றி வீதி நாடகம் போடத் துவாரகன் என்றொரு பெடியன் வந்தான். இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. நுளம்பாக நடிக்க ஒருத்தரும் முன்வரவில்லை, ராசமலர் வந்தாள். இரண்டு கையையும் பின்னுக்கு மடக்கி, கழுத்தை நீட்டி, சுற்றி நின்ற சனத்துக்குள் புகுந்து ஒவ்வொருத்தர் காதுக்கும் கிட்டப் போய், அவரவர் வாளியில் எத்தனை நாளாகத் தண்ணி நிற்குதென்று அந்த இடத்திலேயே பாட்டாகக் கட்டிச் சொன்னாள். பிள்ளைகள் பயத்தில் அழுதார்கள். பெரியவர்கள் போய் வாளியைக் கவிழ்த்தார்கள். துவாரகனின் குழு அன்றைக்குத் தொடங்கினது. பதினாறு பதினேழு வருசமாக நகரச் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் வெறும் மண்ணில் நின்று ஆடியிருக்கிறார்கள்.

ஒருமுறை சந்தைக்கு முன்னால் வெறிகாரன் ஒருவன், "பொம்பிளை ஆடுறாள், காசு போடுங்கோடா!" என்று கத்தினான். அவள் நாடகத்தை நிற்பாட்டவில்லை. அவன் கையைப் பிடித்து நடுவுக்கு இழுத்து, கதையில் வருகிற குடிகாரப் புருசனின் பாத்திரத்தை அவனுக்கே கொடுத்து, அவனைச் சுற்றிச் சுற்றிப் பாடினாள்.

போத்தலுக்குள்ள போனவர் ஆர்?
வாசல் தெரியாமல் நிண்டவர் ஆர்?

சந்தையே சேர்ந்து பாடினது. அவன் அழுதுவிட்டான். முடிந்த பிறகு அவனுக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து ஏசினாள்.

கரைவலைக்கு அவள் போனது ஆம்பிளைகள் இல்லாததால். சண்டை முடிந்த நேரம், கயிற்றுக்கு ஆள் போதாது. "பொம்பிளையள் இழுத்தால் மீன் கோவிக்குமோ?" என்று கேட்டுக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தாள். லேசான வேலை இல்லை அது. தோணி கடலுக்குள் போய் வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு முனைக் கயிறும் கரைக்கு வரும். ஒரு கயிற்றில் பத்துப் பேர், மற்றதில் பத்துப் பேர், தூரத் தூர நின்று இழுக்கத் தொடங்கி, இழுக்க இழுக்கக் கரையோரமாக நகர்ந்து ஒன்றுசேர வேண்டும். சேர்ந்தால்தான் வலையின் கடைசிப் பை மீனோடு மண்ணில் ஏறும். அதைத்தான் மடி என்கிறது. இரண்டு மணித்தியாலம் பிடிக்கும்.

அந்த இரண்டு மணித்தியாலத்தை உடம்பு தாங்குவதற்குத்தான் அம்பா. ஒருவர் ஒரு அடி கட்டிப் பாட, மற்றவர்கள் "ஏலையா ஏலோ" என்று எடுக்க, ஒவ்வொரு ஏலோவுக்கும் கால் ஒரு எட்டுப் பின்னுக்கு வரும். எழுதி வைத்த பாட்டு இல்லை. அன்றைக்கு ஆரோடு கோபமோ அதுதான் பாட்டு. கயிறு கையில் இருக்குமட்டும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியைக்கூடக் கிழித்துத் தொங்கவிடலாம், அவர் கோவிக்க ஏலாது. அதோடு, கயிற்றில் கை வைத்தவர் மடி ஏறுமட்டும் கையை எடுக்கவும் கூடாது. வழியால் போனவர் ஆசைக்கு ஒரு பிடி பிடித்தாலும் அப்படித்தான். கடைசிவரை நின்றால் அவருக்கும் மீன் பங்கு கொடுத்தே தீர வேண்டும். இதெல்லாம் ஒரு அரசாங்கக் கந்தோரிலும் எழுதியில்லை, ஆனால் மீறின ஆளை ஊர் மறக்காது. ராசமலர் வந்த இரண்டாம் மாதமே அம்பா கட்டுகிற ஆளாகிவிட்டாள்.

இனி வேலிக் கதை. சொல்லும்போதே பத்திக்கொண்டு வருகுது.

கரையில் இருந்த ஹோட்டல் ஒன்று கைமாறினது. புது முதலாளி கொழும்பில். மாசி மாதம் லொறியில் கொங்கிரீட் கட்டைகள் வந்து இறங்கின. ஹோட்டல் மதிலில் இருந்து அலை அடிக்கிற இடம் வரைக்கும் கட்டை நட்டுக் கம்பிவலை அடித்தார்கள். விருந்தாளிகள் வெயில் காய மறைப்பாம்! இரண்டு கயிறும் ஒன்றுசேருகிற இடம் சரியாக அதுதான். இப்போது ஒரு கயிற்று ஆட்கள் வேலிக்கு இந்தப் பக்கம், மற்றக் கயிற்று ஆட்கள் அந்தப் பக்கம். மடி எங்கே ஏறுவது, முதலாளியின் தலையிலா?

பங்குனியில் பருவம் தொடங்கினது. வலை கரையில் இருந்த வாடிக் கொட்டிலுக்குள் கிடந்தது. மனுக் கொண்டு போனார்கள். ஒரு கந்தோர் மற்றக் கந்தோரைக் காட்டினது, மற்றக் கந்தோர் அடுத்த கிழமையைக் காட்டினது. கடைசியில் சம்மாட்டி சொன்னார்: "சித்திரை முடியமுன்னம் வலை விழாட்டி நான் வேற கரைக்குக் கொண்டுபோறன். அங்க அங்கத்தை ஆக்கள் இருக்கினம்." பதினெட்டுக் குடும்பம் அந்த ஒரு வலையை நம்பி இருந்தது. ராசமலரின் குடும்பமும் அதில் ஒன்று.

மறுகா நடந்ததுதான் பகிடி. அதே ஹோட்டல் துவாரகனைக் கூப்பிட்டது. வருசப்பிறப்புக்கு அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கலாசார நிகழ்ச்சியாம். வெள்ளைக்காரர் பார்க்க அம்பா வேணுமாம். சாரம் வேணுமாம், தலைப்பாகை வேணுமாம், கயிறு வேணுமாம். வலை மட்டும் வேண்டாமாம், மணக்குமாம். கண்டறியாத கலாசாரம்!

துவாரகன் வந்து சொன்னபோது அவள் குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. உள்ளுக்குப் போனால்தானே கதைக்கலாம். அங்க மனேச்சரா இருக்கிறது எங்கட ஆள்தான். றமேஸ் எண்டு பேர், வெருகல் பக்கம்."

"வேலாப்போடியண்ணற்ற மகனோ?"

"ஓம்."

துருவின கை நின்றுபோனது. வேலாப்போடி பருவத்துக்குப் பருவம் வெருகலில் இருந்து வந்து, சாகுமட்டும் அவளுக்கு முன்னால் கயிற்றில் நின்ற மனுசன். பள்ளிக்கூட லீவுக்கு மகனையும் கூட்டிக்கொண்டு வருவார். அந்த மகனும் கயிறு பிடித்து, பங்கு வாங்கி, அதில் கொப்பி பென்சில் வாங்கினவன்.

"ஆரோ தெரியாதவன் அடைச்சானெண்டு இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தன்," என்றாள். "தெரிஞ்சவனோ அடைச்சவன்?"

ஹோட்டல் நாடகத்தின் பிரதியைக் கேட்டது. துவாரகன் எழுதிக் கொடுத்தான். சிவப்புப் பேனையால் வெட்டித் திரும்பி வந்தது. வேலி என்ற சொல்லுக்கு வெட்டு, கம்பிக்கு வெட்டு, பசிக்கும் வெட்டு. பசி விருந்தாளிகளுக்குச் சரிவராதாம். கடைசிப் பக்கத்தில் மட்டும் வெட்டு ஒன்றும் இல்லை. அங்கே 'அம்பா, நாலு நிமிசம்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. எழுதாத பாட்டை எப்படி வெட்டுவது? ராசமலர் அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தாள்.

"நான் வாறன்," என்றாள். "ஆனால் கயிறு எங்கட கயிறு, ஆக்கள் எங்கட ஆக்கள்."

சனிக்கிழமை நாலு மணிக்குப் பன்னிரண்டு பேர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஹோட்டல் கரைக்குப் போனார்கள். றமேஸ் கழுத்துப்பட்டியோடு வந்து, கதிரைகளுக்கு முன்னால் மணலில் ஒரு இடத்தைக் காட்டினான். முகம் தகப்பனை உரித்து வைத்திருந்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சும்மா இழுக்கிறமாதிரிக் காட்டினால் காணும்தானே அக்கா?"

"பாரம் இல்லாத கயிற்றை இழுத்தால் பாக்கிறவனுக்குப் பொய்யெண்டு தெரிஞ்சுபோகும் தம்பி. கால் ஊண்டாது, முதுகு வளையாது. கயிற்றை எதிலயாவது கட்ட வேணும்."

அவனுக்கு ஆயிரம் வேலை. ஒரு காதில் போன், எதிரே சோடாப் போத்தல் தட்டோடு நிற்கிற ஆள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினான். "அந்த வேலிக் கட்டையில கட்டுங்கோ. கொங்கிரீட்தானே, யானை இழுத்தாலும் அசையாது."

ராசமலர் கட்டைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அந்தக் கயிற்றின் வால்பக்கத்தில் இருபது வருசமாக நிற்கிற முஹம்மது தம்பி, எல்லாரும் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிற ஆள், கட்டையடியில் போய்க் குந்தி மண்ணைக் கையால் கிளறிப் பார்த்துவிட்டு வந்தார்.

"தங்கச்சி, ஒண்டரை அடிதான் தாட்டிருக்கிறானுவள்," என்றார் மெதுவாக. "அதுவும் கடல்மண்ணில."

"கட்டுங்கோ காக்கா. அவர்தானே கட்டச் சொன்னவர்."

துவாரகன் அவசரமாகக் கிட்ட வந்தான். "அக்கா, பிறகு எங்களை ஒரு இடத்துக்கும் கூப்பிடமாட்டாங்கள்."

"கூப்பிடாட்டிச் சந்தையில ஆடுவம். சந்தை எங்களை எந்த நாள் கூப்பிட்டது?"

விருந்தாளிகள் கதிரைகளில் வந்து இருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்ச் சனம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. துவாரகன் மத்தளத்தைத் தட்டினான், பன்னிரண்டு பேரும் கயிற்றைப் பிடித்தார்கள். அப்போதுதான் றமேஸ் படம் எடுக்கிற ஆளோடு ஓடி வந்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கயிற்றின் முன்பக்கத்தில், ராசமலருக்கு நேர் முன்னால் வந்து நின்று பிடித்தான். தகப்பன் நின்ற இடம் அது. அவன் யோசித்து நின்றானோ, கால் தானாகப் போனதோ, தெரியாது.

"கை வைச்சிட்டியோ?" என்று கேட்டாள் ராசமலர்.

"ஓம் அக்கா, ஒரு படத்துக்கு," என்று சிரித்தான்.

அவள் அம்பாவை எடுத்தாள்.

கடலில விட்டது வலைதானே
ஏலையா ஏலோ
கரையில நட்டது ஆர் கட்டை
ஏலையா ஏலோ

கயிறு விறைத்தது. றமேஸின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் அவனுடைய பிடரியைப் பார்த்துப் பாடினாள்.

வெருகலில இருந்து வந்த மனுசன்
ஏலையா ஏலோ
வேலாப்போடி எண்டு பேரு
ஏலையா ஏலோ
அவர் நிண்ட தடத்தில மகன் நிண்டு
ஏலையா ஏலோ
அப்பன்ர கரையை அடைச்சானாம்
ஏலையா ஏலோ

அவன் கையை எடுத்திருக்கலாம். ஒருத்தரும் பிடித்துக் கட்டி வைக்கவில்லை. ஒருமுறை விரல்கள் தளர்ந்ததை அவள் கண்டாள். பிறகு அவனுடைய வலது குதிக்கால் மணலுக்குள் இறங்கினது, முழங்கால் மடிந்தது, இடுப்பு பின்னுக்குப் போனது. கழுத்துப்பட்டி தோளுக்கு மேலே போய்க் கிடந்தது. ஏலோ என்று வாய் எடுத்ததா இல்லையா என்பது வேறு கதை, கால் எட்டு வைத்தது.

நாலு நிமிசம் முடிந்தது. துவாரகன் கண்ணைக் காட்டினான். ராசமலர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மடி ஏறாமல் அம்பாவை நிற்பாட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"பாத்துக்கொண்டு நிக்கிறியளே! வந்து கை வையுங்கோ!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சனத்தைக் கூப்பிட்டாள். வீதி நாடகத்தில் பதினேழு வருசமாகச் செய்வதுதான், பார்க்கிற ஆளை நடுவுக்கு இழுப்பது. சனம் முழங்கால் தண்ணிக்குள் இறங்கி வேலி முனையைச் சுற்றி ஓடி வந்தது. வெள்ளைக்காரர் சிலரும் எழும்பி வந்து பிடித்தார்கள். முப்பது நாற்பது கை. அடுத்த அடி அவளுடைய வாயில் தானாக வந்தது. எந்த நாடகத்திலும் அவள் பாடாத அடி.

சம்பூரில பாத்தன் ஒரு கம்பி
ஏலையா ஏலோ
என்ர கிணத்தை எட்டிப் பாத்தன்
ஏலையா ஏலோ
ஒன்பது வருசம் பாத்த கண்ணு
ஏலையா ஏலோ
இன்னொரு கம்பி பாக்காது
ஏலையா ஏலோ

கட்டை முதலில் சரிந்தது, பிறகு அடியோடு கிளம்பினது. கம்பி அடுத்த கட்டையை இழுத்தது, அது அதற்கடுத்ததை. ஏழு கட்டையும் ஒன்றின்பின் ஒன்றாக மணலில் படுத்தன. கயிறு இளகின வேகத்தில் எல்லாரும் மல்லாக்க விழுந்தார்கள். இதெல்லாம் நாடகத்தில் உள்ளதுதான் என்று நினைத்து விருந்தாளிகள் கைதட்டினார்கள். எல்லார் போனிலும் படம் ஓடிக்கொண்டிருந்தது.

றமேஸ் கயிற்றைக் கையில் வைத்தபடியே மணலில் இருந்தான். "என்னக்கா செய்துபோட்டியள்? என்னை வேலையால நிப்பாட்டிப்போடுவாங்கள்."

"நிப்பாட்டினால் அது எப்பிடி இருக்குமெண்டு உனக்கும் தெரியவரும்தானே. நாங்கள் பங்குனியில இருந்து அப்பிடித்தான் இருக்கிறம்," என்றாள். அவனைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. பாவம் வந்ததே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது அவளுக்கு.

ஞாயிறு விடிய வலை விழுந்தது. இரண்டு கயிறும் விழுந்து கிடந்த கட்டைகளைக் கடந்து வந்து ஒன்றுசேர்ந்தன. மடி ஏறினபோது சூடையும் கும்பிளாவும் மணலில் துள்ளின. சனம் கத்தின கத்தலில் காகம் எல்லாம் வந்துவிட்டது.

"திரும்ப நடுவாங்கள்," என்றார் சம்மாட்டி.

"நட்டால் திரும்பப் பாடுவம். வலை எங்கயும் போகுதோ?"

"இனி எங்க போறது?" என்று முணுமுணுத்துவிட்டு அவர் பங்கு பிரிக்கத் தொடங்கினார். ராசமலர் ஒரு பையை எடுத்து அதில் ஒரு பங்கை அள்ளிப் போட்டாள். ஆருக்கென்று அவர் கேட்கவில்லை, அவரும் நேற்றுப் பார்த்துக்கொண்டுதான் நின்றவர்.

மண் ஒட்டின காலோடு அவள் ஹோட்டலுக்குள் போனாள். றமேஸ் கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்தான், நித்திரை இல்லாத முகம். மேசையில் அவன் எழுதிக்கொண்டிருந்த கடதாசி ஒன்று. வேலியைப் பிடுங்கின ஆட்களின் பேர்களைப் பொலிசுக்குக் கொடுக்க, மத்தியானத்துக்கு முன் எழுதி அனுப்பச் சொல்லிக் கொழும்பில் இருந்து உத்தரவு. அவள் கடதாசியைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள். ராசமலர். துவாரகன். முஹம்மது தம்பி. கயிறு கொண்டுவந்த பன்னிரண்டு பேரும் துவாரகனுமாகப் பதின்மூன்று பேர் இருந்தது.

பையை மேசையில் வைத்தாள். "இந்தா, உன்ர பங்கு."

"நேற்று வலையே விடேல்லையே அக்கா."

"நேற்றுப் பிடிச்ச கயிறுதான். மடி இண்டைக்கு ஏறினது."

அவன் கையை மேசைக்குக் கீழே இழுத்தான். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்ததை அதற்குள் அவள் கண்டுவிட்டாள்.

"உன்ர பேர் எங்க?"

"அக்கா..."

"கட்டையில கட்டச் சொன்னது நீ. முன்னுக்கு நிண்டு இழுத்தது நீ. ஊரில இருக்கிற போன் எல்லாத்திலயும் கிடக்கு. கொப்பற்ற இடத்தில நிண்டு இழுத்துப்போட்டு, எங்கட பேரை மட்டும் எழுத உனக்கு வெக்கமா இல்லையோ?" குரல் உயரவில்லை. ஆனால் அந்தப் பளபளத்த தரையில் அவளுடைய குதிக்கால் இறங்க இடம் தேடினது.

பையைத் தூக்கி அந்தக் கடதாசிக்கு மேலே வைத்தாள்.

"எழுதிறதெண்டால் எல்லாற்றையும் எழுது, உன்ர பேரில தொடங்கி எழுது. இல்லாட்டி இந்த மீனைக் கொண்டுபோய்க் கறி வை."

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. கரையில் இரண்டாம் தரம் வலை விடத் தோணி வெளிக்கிட்டிருந்தது. கதவடியில் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது, றமேஸ் இரண்டு கையாலும் பையைத் தூக்கிக்கொண்டிருந்தான். கீழே கடதாசி மீன்தண்ணியில் ஊறி மேசையோடு ஒட்டிக் கிடந்தது.